வேலூர் போர் தண்ணியும் டிஷ்வாஷர் துருக்கறையும்

வேலூரில் டிஷ்வாஷர் வாங்கப் போகிறேன் என்று சொன்னாலே, கேட்பவர்கள் எல்லோரும் உப்புத் தண்ணியைப் பற்றித்தான் எச்சரிப்பார்கள். கண்ணாடி டம்ளரெல்லாம் வெளுத்துவிடும், தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்க மெஷினில் போடும் சால்ட்டை மறக்காதே, சோப்பு டேப்லெட்டை மட்டும் நம்பாதே என்பார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் துருவைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மெஷினில் வெள்ளைப் படிவை ஒருவழியாகச் சமாளித்துக்கொண்டிருந்தபோதுதான் பழுப்புப் புள்ளிகள் வர ஆரம்பித்தன. முதலில் வெள்ளைப் பீங்கான் தட்டுகளில் மிளகு அளவில் ஒன்றிரண்டு. அப்புறம் எவர்சில்வர் தட்டின் விளிம்பில் செம்பழுப்பாக ஒரு கோடு. கடைசியில் மெஷின் கதவின் உள்பக்கம், தண்ணீர் வடியும் தடத்திலேயே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டை.

"ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு சொல்லி ஏமாத்திட்டாங்க" என்றார் மாமியார். "இரும்புச் சத்துதானே, உடம்புக்கு நல்லது" என்றார் மாமனார். பார்க்க வந்த மெக்கானிக், பிளீச்சிங் பவுடரைப் போட்டு ஒரு ஓட்டு ஓட்டினால் எல்லாம் போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று பேரில் மாமனார் சொன்னதில்தான் கொஞ்சமாவது உண்மை இருந்தது. தட்டில் ஒட்டுகிற அந்தத் துளி துருவால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. பார்க்கத்தான் அருவருப்பு. பிளீச்சிங் பவுடர் யோசனை இருக்கிறதே, அதுதான் ஆபத்து. அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில், பழுப்பாகத் தெரிவதெல்லாம் துரு இல்லை. நம் சமையலில் மஞ்சள், புளி, டீ, காபி எல்லாமே கறை வைக்கும். மஞ்சள் கறையா என்று பார்க்க ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் போதும். மஞ்சள் என்றால் சிவக்கும். அதோடு அது வெயிலில் நிற்காது. தட்டை மொட்டை மாடியில் வைத்து எடுத்தால் வெளிறிவிடும். வேலூர் வெயிலைத் திட்டாத நாளில்லை, இந்த வேலைக்கு மட்டும் அதை மிஞ்ச ஆள் கிடையாது. டீக்கறை சமையல் சோடாவை ஈரத்துணியில் தொட்டுத் தேய்த்தால் வந்துவிடும். துரு இது எதற்கும் அசையாது. அதன் மேல் எலுமிச்சைச் சாறு விட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் துடைத்தால் மட்டும் இளகும். எலுமிச்சைக்கு இளகினால் அது இரும்பு என்று கிட்டத்தட்ட முடிவு செய்துகொள்ளலாம். வெள்ளையான உப்புப் படிவும் எலுமிச்சைக்குக் கரையும், ஆனால் அதை நிறத்திலேயே பிரித்துவிடலாம்.

துரு என்று உறுதியானதும் நாங்கள் எல்லோரையும் போலத் துடைக்கத்தான் ஆரம்பித்தோம். சுத்தமாகப் போனது. கொஞ்ச நாளில் அதே இடத்தில் திரும்ப வந்தது. கறையை எடுப்பது சுலபமான பாதி. அந்த இரும்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காத வரை ஆயுளுக்கும் எலுமிச்சை பிழிந்துகொண்டிருக்க வேண்டியதுதான். தேட வேண்டிய இடங்கள் நிறைய இல்லை. உள்ளே அடுக்குகிற பொருட்கள், பாத்திரம் வைக்கும் கூடை, தண்ணீர், கடைசியாக மெஷினின் உடம்பு.

உள்ளே வைக்கும் பொருட்களில் முதல் குற்றவாளி தோசைக்கல். இரும்புத் தோசைக்கல், இரும்பு வாணலி, வார்ப்பு இரும்புப் பணியாரக்கல் இவை எதுவும் மெஷினுக்குள் போகவே கூடாது. எண்ணெய் ஏறிப் பழகிய மேல்பூச்சு முழுக்கக் கழன்றுவிடும், அப்புறம் துருதான். அது எல்லோருக்கும் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். தெரியாமல் உள்ளே போகிறவைதான் தொல்லை: டீ வடிகட்டியின் கம்பி வலை, டிபன் கேரியர் கிளிப்பு, தேங்காய்த் துருவியின் பல், மலிவான கத்தி. எவர்சில்வர் என்று ஒரே பெயரில் அழைத்தாலும் எல்லா எவர்சில்வரும் ஒன்றில்லை. நல்ல பாத்திர ஸ்டீலான 304 என்ற ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். கூர்மை நிற்க வேண்டும் என்பதற்காகக் கத்திக்குப் போடும் ஸ்டீலில் பெரும்பாலும் குரோமியம் குறைவு, நிக்கல் கிடையாது. அதனால் கத்தி முதலில் துருப்பிடிக்கும், அந்தத் துரு தண்ணீரோடு சுற்றிப் பக்கத்துத் தட்டில் உட்காரும். தட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. எங்கள் வீட்டில் வடிகட்டியும் கத்திகளும் இப்போது கையால்தான் கழுவப்படுகின்றன. கழுவி உடனே துடைத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று இரும்பு நார். பாத்திரத்தை அதனால் தேய்த்துவிட்டு மெஷினில் வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. நாரிலிருந்து உதிரும் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் ஸ்டீலின் கீறலில் சிக்கிக்கொண்டு அங்கேயே துருப்பிடிக்கும். பார்ப்பவருக்குப் பாத்திரமே துருப்பிடித்த மாதிரி இருக்கும். பச்சை நைலான் நார் போதும்.

கூடைக்கு வருவோம். பாத்திரம் அடுக்கும் கூடை உள்ளுக்குள் சாதாரணக் கம்பிதான். மேலே நைலான் அல்லது பிளாஸ்டிக் பூச்சு. தட்டைத் தாங்கி நிற்கும் குச்சிகளின் நுனியில்தான் அந்தப் பூச்சு முதலில் விடும். வெளிநாட்டுக்காரர்கள் மெல்லிய பீங்கானை வைக்கிற இடத்தில் நாம் கனமான குண்டானையும் சாம்பார் வாளியையும் வைத்து அழுத்துகிறோம், நுனி எத்தனை நாள் தாங்கும்? வெள்ளை டிஷ்யூ காகிதத்தை நனைத்து ஒவ்வொரு குச்சி நுனியிலும் வைத்து முறுக்கிப் பாருங்கள். பழுப்பு ஒட்டினால் அங்கே கம்பி வெளியே வந்துவிட்டது. எங்கள் கீழ்க்கூடையில் ஒரு மூலையில் இருந்த குச்சிகள் அப்படித்தான் இருந்தன. தட்டுகளில் புள்ளி விழுந்த இடமும் அந்தக் குச்சிகள் தொடும் இடமும் பொருந்தின.

இதற்கு வைத்தியம் இருக்கிறது. கூடையை வெளியே எடுத்து, துருப்பிடித்த நுனியை மெல்லிய உப்புத்தாளால் பளபளப்பான கம்பி தெரியும்வரை தேய்த்து, வெயிலில் நன்றாகக் காயவிட்டு, டிஷ்வாஷர் கூடைக்கென்றே விற்கும் பூச்சை இரண்டு கை பூச வேண்டும். ஒரு கை காய்ந்த பிறகுதான் அடுத்த கை. நுனிக்கு மாட்டும் ரப்பர் தொப்பியும் ஆன்லைனில் கிடைக்கிறது. பூச்சு காய்ந்த பிறகு தொப்பியையும் மாட்டினால் நீண்ட நாள் நிற்கும். ஈரக் கம்பியின் மேல் தொப்பியை மட்டும் மாட்டிவிட்டால் உள்ளுக்குள் துரு வளர்ந்துகொண்டேதான் இருக்கும். சாதாரண பெயின்ட், எம்-சீல் வேண்டாம். சூட்டுக்கும் காரமான சோப்புக்கும் உரிந்து சாப்பாட்டுத் தட்டில்தான் வந்து சேரும். கூடையின் சக்கர அச்சையும், மேல்கூடை ஓடும் தண்டவாளத்தையும் அப்படியே ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

கூடையைச் சரி செய்ததும் புள்ளிகள் நின்றன. ஆனால் கதவின் உள்பக்கப் பட்டை நிற்கவில்லை. அப்படியானால் அது தண்ணீர் கொண்டுவருவது. இங்கேதான் கதை சுவாரசியமாகிறது.

எங்களுக்குப் பக்கத்து வீட்டு அண்ணன் ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். பட்டையைப் பார்த்ததும், "தண்ணிய டம்ளர்ல புடிச்சு வச்சுப் பாத்தீங்களா?" என்றுதான் கேட்டார். தோல் பதனிடும் ஊர்க்காரர்களுக்கு இரும்பு என்றால் தனி பயம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோலில் இரும்புத் தண்ணீர் ஒரு சொட்டு பட்டாலும் அந்த இடம் கறுத்துவிடும். ஆவாரம்பட்டையில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் கறுப்பு மை மாதிரி ஆகிவிடுகிறது. டீக்கோப்பையில் சில சமயம் பழுப்புக்குப் பதில் கறுப்பாகக் கறை பிடிப்பதற்கும் இதுதான் காரணம் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அங்கே டீயின் டானினும் தண்ணீரின் இரும்பும் சந்தித்துக்கொள்கின்றன.

அவர் சொன்ன சோதனையை எல்லோரும் செய்யலாம். இரண்டு வெள்ளைக் கோப்பை. ஒன்றில் மோட்டார் போட்டதும் போர் குழாயிலிருந்து நேராகக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடித்த தண்ணீர். இன்னொன்றில் காலையில் முதலில் திறந்ததும் சமையலறைக் குழாயில் வரும் தண்ணீர். இரண்டையும் ஜன்னலோரம் சில மணி நேரம் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் போர் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. சமையலறைக் கோப்பையின் அடியில் பழுப்பு வண்டல். அப்படியென்றால் இரும்பு நிலத்திலிருந்து வரவில்லை, நடுவில்தான் சேர்கிறது. தொட்டியிலிருந்து சமையலறைக்கு இறங்கும் குழாய் பழைய ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். துத்தநாகப் பூச்சு எல்லாம் எப்போதோ தேய்ந்து, உள்ளே துரு கட்டி கட்டியாக நின்றிருந்தது. பிளம்பர் அதை அறுத்துக் காட்டியபோது, துளை விட்டத்தில் பாதிகூட மிச்சமில்லை. அந்தத் துண்டை சிபிவிசி பிளாஸ்டிக் பைப்பாக மாற்றினோம். மேல் தொட்டியைக் கழுவி வண்டலை அள்ளினோம். மெஷினுக்குப் போகும் ஹோஸின் முனையில் ஒரு சின்ன வலை உண்டு, பலருக்கு அது இருப்பதே தெரியாது. தண்ணீரை மூடிவிட்டு ஹோஸைக் கழற்றினால் கையோடு வரும். எங்களுடையதில் அது முழுக்கத் துருத் தூள்.

குடியாத்தத்தில் இருக்கும் என் நாத்தனார் வீட்டில் இதே சோதனை நேர்மாறாக வந்தது. போரில் பிடிக்கும்போது கண்ணாடி போல இருந்த தண்ணீர், வைத்த இடத்திலேயே மஞ்சளடித்தது. அது நிலத்தடியிலேயே கரைந்து வரும் இரும்பு. காற்றுப் படாத ஆழத்தில் இரும்பு நிறமில்லாமல் கரைந்திருக்கும். வெளியே வந்து காற்றுப் பட்டதும் பழுப்பாகப் பிரியும். டிஷ்வாஷருக்குள் இது இன்னும் வேகமாக நடக்கும், ஏனென்றால் அங்கே சூடும் காரமான சோப்பும் சேர்ந்துகொள்கின்றன. குழாயில் தெளிவாகத் தெரிகிற தண்ணீர் மெஷினுக்குள் கறை வைப்பதன் ரகசியம் அதுதான். லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே துணியிலும் குழாய்ப் பொருட்களிலும் கறை தெரிய ஆரம்பிக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டி. அந்த அளவு நாக்குக்குப் பெரும்பாலும் தெரியாது.

இப்படி வருகிற தண்ணீருக்குச் செலவில்லாத வழி, அதைக் காற்றில் ஆடவிடுவது. போர் தண்ணீர் தொட்டிக்குள் ஒரே தாரையாக விழாமல், துளை போட்ட குழாய் வழியாக ஷவர் மாதிரி உயரத்திலிருந்து விழட்டும். இரவு முழுக்கத் தேங்கட்டும். இரும்பு அடியில் படியும். தொட்டியிலிருந்து தண்ணீர் எடுக்கும் குழாய் அடிமட்டத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் வண்டல் வீட்டுக்குள் வராது. இரும்பு ரொம்ப அதிகம் என்றால் இரும்பு நீக்கும் ஃபில்டர்தான் போட வேண்டும், அதையும் கடினத் தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னருக்கு முன்னால். இரும்போடு வரும் தண்ணீரை நேராக விட்டால் சாஃப்ட்னரில் உள்ள ரெசின் மணிகள் பழுப்பேறி வேலை செய்யாமல் போகும். டிஷ்வாஷருக்குள் இருக்கும் சின்ன சாஃப்ட்னருக்கும் இதே கதி. சால்ட் போட்டும் டம்ளர் வெளுக்கிறதே என்று குழம்புகிறவர்கள் இதையும் சந்தேகப்படலாம்.

நாத்தனார் வீட்டில் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார்கள், எனக்கு அதுதான் பிடித்திருந்தது. இப்போது வரும் டிஷ்வாஷர்கள் ஒரு தடவைக்கு சுமார் 10 முதல் 15 லிட்டர்தான் குடிக்கின்றன. எனவே மாடியில் தனியாக ஒரு சின்னத் தொட்டி வைத்து, அதில் நகராட்சிக் குழாய்த் தண்ணீரை மட்டும் ஏற்றி, மெஷினுக்கு அதிலிருந்து தனிக் குழாய் இழுத்துவிட்டார்கள். தண்ணீர் தினமும் வராவிட்டாலும் 200 லிட்டர் தொட்டி நிறைய நாள் தாங்குகிறது. கவனிக்க வேண்டியது உயரம். மெஷின் கையேட்டில் குறைந்தபட்ச அழுத்தம் 0.5 பார் என்று இருந்தால், தொட்டி மெஷினுக்கு மேலே 5 மீட்டராவது இருக்க வேண்டும். இல்லையென்றால் மெஷின் தண்ணீர் வரவில்லை என்று கத்திக்கொண்டு நின்றுவிடும்.

சரி, ஏற்கெனவே பிடித்த கறையை எடுப்பது. கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கொடுக்கும் சிட்ரிக் ஆசிட்தான் நம் ஆயுதம். தட்டு, கோப்பைகளுக்கு, ஒரு பிளாஸ்டிக் டப்பில் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி போட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, நைலான் நாரால் துடைத்துக் கழுவினால் போதும். போகாத புள்ளியின் மேல் எலுமிச்சை உப்பைக் குழைத்து வைத்து, ஈர டிஷ்யூவால் மூடிவைக்கலாம். புளியாலும் போகும், பித்தளைக்கு நான் புளியைத்தான் நம்புவேன். ஆனால் வெள்ளைப் பீங்கானில் புளியைத் தேய்த்துவிட்டு மிச்சம் துருவா புளியா என்று பார்த்துக்கொண்டிருப்பதில் எனக்குப் பொறுமை இல்லை. தங்க விளிம்பு போட்ட தட்டையும் அலுமினியப் பாத்திரத்தையும் இதில் ஊறவைக்க வேண்டாம். முக்கியமாக, இந்த வேலையைக் கடப்பா கல் மேடையில் செய்யாதீர்கள். கடப்பா சுண்ணாம்புக் கல் வகை, அமிலம் சிந்திய இடமெல்லாம் வெளுத்துத் திட்டாகும். கிரானைட் என்றால் பரவாயில்லை.

மெஷினுக்கு, முதலில் அடியில் இருக்கும் ஃபில்டரைக் கழற்றிக் கழுவி மறுபடியும் மாட்டுங்கள். உள்ளே ஒரு பாத்திரமும் வேண்டாம், சோப்பும் வேண்டாம். சோப்பு காரம், எலுமிச்சை உப்பு அமிலம். இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு இரண்டும் வீண். 50 முதல் 100 கிராம் எலுமிச்சை உப்பை அடியில் தூவி ஓட்டலாம். ஆனால் பல புரோகிராம்களில் முதலில் ஒரு அலசு அலசித் தண்ணீரை வெளியேற்றிவிடும், போட்டதெல்லாம் சாக்கடைக்குப் போய்விடும். முன் அலசல் இல்லாத புரோகிராமைத் தேர்ந்தெடுங்கள், அல்லது முதல் தண்ணீர் வெளியேறிய பிறகு கதவைத் திறந்து போடுங்கள். 50 டிகிரி போதும். நம் மாதிரிக் கடினத் தண்ணீரில் சூட்டை அதிகம் ஏற்றினால் சிட்ரிக் ஆசிட் கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளைத் தூளாகப் படியலாம். முடிந்ததும் வெறும் தண்ணீரில் இன்னொரு ஓட்டு. ரப்பர் விளிம்பின் மடிப்பில் மட்டும் துணியை நனைத்துக் கையால் துடைத்துவிடுங்கள், அங்கே பீய்ச்சும் தண்ணீர் எட்டாது.

பக்கத்து வீட்டு அண்ணன் ஆக்ஸாலிக் ஆசிட்டைப் பற்றியும் சொன்னார். தோலில் விழுந்த இரும்புக் கறையை அதன் மெல்லிய கரைசலால்தான் எடுப்பார்களாம். கதவின் கீல் பக்கம் எலுமிச்சை உப்புக்கு மசியாத ஒரு திட்டு அதற்குப் போனது. வேலை செய்யும், சந்தேகமில்லை. ஆனால் அது விஷம். கையுறை வேண்டும், குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது, சாப்பிடும் தட்டில் நான் போட மாட்டேன். மெஷினின் உடம்பில் போட்டாலும் பலமுறை அலசிவிட்டுத்தான் பாத்திரம் வைத்தேன்.

இப்போது பிளீச்சிங் பவுடர். துரு ஏற்கெனவே ஆக்ஸிஜன் ஏறிய இரும்பு. பிளீச் அதைக் கரைக்காது, கரைந்திருக்கும் மிச்ச இரும்பையும் பழுப்பாக்கி ஒட்டவைக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பாற்றுவது மேலே இருக்கும் கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடு படலம். பிளீச்சில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தைத் துளைத்து ஊசிமுனை அளவு குழிகளை உண்டாக்கும், அதற்குப் பிறகு மெஷினின் உடம்பே துருப்பிடிக்கும். கழிவறை கழுவும் ஆசிட்டும் இதே வேலையைத்தான் செய்யும், அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். எல்லாவற்றுக்கும் மேலே, பிளீச்சோடு எலுமிச்சை உப்போ வேறெந்த ஆசிட்டோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய சமையலறையில் அது விளையாட்டில்லை.

குளோரைடு பிளீச்சில் மட்டும் இல்லை, நம் தண்ணீரிலும் சால்ட் டப்பாவிலும் இருக்கிறது. பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட கதை 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். உப்பு ஏறிய தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே காய்ந்தால் ஸ்டீலுக்கு நல்லதில்லை. அதனால் ஓட்டி முடிந்து சூடு தணிந்ததும் கதவைக் கொஞ்சம் திறந்துவைக்கிறோம். சால்ட் நிரப்பும்போது சிந்தினால் துடைத்துவிட்டு, உடனே ஒரு வாஷ் ஓட்ட வேண்டும். நிரப்பிவிட்டுக் காலையில் ஓட்டிக்கொள்ளலாம் என்று விட்டால், சிந்திய உப்பு ராத்திரி முழுக்க அடித்தட்டில் உட்கார்ந்து தன் வேலையைப் பார்க்கும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குக் குழாயை மாற்றும் உரிமை இருக்காது, வீட்டுக்காரரிடம் கேட்டாலும் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார். அவர்கள் மெஷினுக்குப் போகும் குழாயில் 5 மைக்ரான் கார்ட்ரிட்ஜ் ஃபில்டர் ஒன்றை மாட்டிக்கொள்ளலாம். வீடு மாறும்போது கழற்றி எடுத்துப் போய்விடலாம். பழைய பைப்பிலிருந்து உதிர்ந்து வரும் துருத் தூளை அது பிடித்துவிடும். குடியாத்தம் மாதிரிக் கரைந்து வரும் இரும்பை அதனால் பிடிக்க முடியாது, ஆகவே வாங்குவதற்கு முன் அந்த இரண்டு கோப்பைச் சோதனையைச் செய்துவிடுங்கள். ஒளி ஊடுருவும் கூடு உள்ளதாகப் பார்த்து வாங்கினால் கார்ட்ரிட்ஜ் பழுப்பேறுவது வெளியிலிருந்தே தெரியும். பழுப்பேறிய பிறகும் விட்டுவைத்தால் தண்ணீர் ஓட்டம் குறைந்து மெஷின் பாதியில் நிற்கும். மாற்றுக் கார்ட்ரிட்ஜ் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.